கம்ப்யூட்டர் வகுப்புக்குப் பேரம் பேசப் போனவள்

பழைய சாமான் வாங்குகிற தொழிலில் முதல் பாடம் ஒன்றுதான்: எதை வாங்க வந்தோமோ, அதை மட்டும் பார்க்கவே கூடாது. பெல்ஜியம் கண்ணாடிக்காக ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், கண்ணாடியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விலை கேட்க வேண்டும். ஓட்டை விழுந்த அண்டாவைத் தட்டிப் பார்க்க வேண்டும். எனாமல் தூக்குச்சட்டியில் வெடிப்பு இருக்கிறது என்று குறை சொல்ல வேண்டும். கிளம்பி வாசலுக்கு வந்து, ஒரு காலில் செருப்பையும் மாட்டிக்கொண்டு, "அந்த ரசம் போன கண்ணாடியும் சும்மாதான கெடக்கு ஆச்சி, அதையும் இதோட சேத்து விட்டுருங்களேன்" என்று போகிற போக்கில் சொல்ல வேண்டும். கண்ணில் ஆசை தெரிந்தால் தொலைந்தோம்.

இப்படித்தான் காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடைக்கு வருஷக்கணக்காக வீடு வீடாகப் போய் வாங்கிக் கொடுத்தேன். ஆச்சிமார் தனியாக இருக்கிற வீட்டில் ஆம்பளைத் தரகரை உள்ளே விடமாட்டார்கள். என்னை விடுவார்கள். முதலாளி கடையைச் சுருக்கிக்கொண்டு போனிலேயே படம் போட்டு விற்க ஆரம்பித்தார். என் வேலை போனது. போன அன்று நான் போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டது. கேட்டு என்ன செய்ய?

சொந்த ஊர் ஒக்கூர். பெயர் முத்துராக்கு. படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. அப்புறம் தபாலில் ஒரு பி.காம். வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசாங்கத்தில் இலவசமாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதச் சொல்லித் தருகிறார்கள், முடித்தால் வேலைக்கும் அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வயது வரம்பு முப்பது. ஆவணி வந்தால் எனக்கு முப்பது முடிகிறது. அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: இடம் கிடைத்தால் படி, கிடைக்காவிட்டால் ஆடி கழிந்ததும் திருப்பூர், பெரியம்மா மகள் இருக்கிற பனியன் கம்பெனி, அங்கேயே விடுதி. பதினேழு வயதில் ஒரு மில் விடுதியில் ஒரு வருஷம் இருந்தவள் நான். வெளிப்பக்கம் பூட்டிய கேட்டும், மூக்குக்குள் பஞ்சும், சொல்லாமல் அழுகிற பிள்ளைகளும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைப் போல விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடந்தவர்களே, மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

இலவசம் என்றதும்

பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்ததுமே சுவரில் 'கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்று பெரிய எழுத்தில் தாள் ஒட்டியிருந்தது. பழக்க தோஷம், அதைப் பார்க்கவே இல்லை. நேரே மேஜையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய், "தையல் வகுப்பு இருக்காங்க?" என்றேன். அந்த அம்மாவும் நல்ல மனசோடு தையல் வகுப்பு விண்ணப்பத்தை எடுத்து, என் பெயரைக் கேட்டு, எழுதவும் ஆரம்பித்துவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. அழகுக்கலை எப்படி, செல்போன் ரிப்பேர் எப்படி என்று சுற்றி வளைத்து, கடைசியில் அலட்சியமாகக் கையை நீட்டி, "அங்குட்டு ஒட்டிருக்கே, அது என்னது, கம்ப்யூட்டரா? அது எவ்வளவு?" என்று கேட்டேன்.

"இலவசம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சும்மா தருகிறேன் என்று யாராவது சொன்னால் கட்டிலில் கரையான் இருக்கிறது என்று அர்த்தம். "பொறவு பணம் கேப்பீகளா? சான்றிதழை வாங்கி வச்சுக்குவீகளா? பாதியில நின்னா என்ன புடிப்பீக?" என்று குரலை உயர்த்தினேன். உயர்த்தியது கோபத்தில் இல்லை, பயத்தில். ஆனால் எனக்கு இரண்டும் ஒரே தொண்டையில்தான் வரும். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, ஓசியில குடுக்குறதுக்கும் பேரம் பேசுற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

வாசல் வரை போனேன்

விண்ணப்பத்தை ஆன்லைனில்தான் போட வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பழனி அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். அவர் கடைக்குப் பழைய மேஜை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நானே ஒற்றை விரலால் தட்டினேன். பெயர், முகவரி, படிப்பு, போட்டோ எல்லாம் ஏறிவிட்டது. கடைசியில் பச்சையாக ஒரு பட்டன். 'சமர்ப்பி'. கீழே சின்ன எழுத்தில், சமர்ப்பித்த பின் மாற்ற முடியாது என்று இருந்தது.

அதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. மாற்ற முடியாது என்று சொல்லி எந்த ஆச்சியும் என்னிடம் சாமான் விற்றதில்லை. நானும் அப்படி வாங்கியதில்லை. எங்கள் தொழிலில் முடிக்கிற நேரம் வந்தால் எழுந்து வெளியே போக வேண்டும். வேண்டாம் என்பது போல நாலு எட்டு வைத்தால் பின்னாலிருந்து, "ஏ புள்ள, இங்குட்டு வா, ஒரு பேச்சுக் கேளு" என்று கூப்பிடுவார்கள். அதுதான் விலை. நானும் பழக்கத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், ஏற்றியது எல்லாம் போய், முதல் பக்கம் வெறுமையாக நிற்கிறது. நேரம் முடிந்துவிட்டதாம்.

"எங்கண்ணே போச்சு? யாரு அழிச்சது?" என்று கடை அதிரக் கத்தினேன். பழனி அண்ணன் யாருக்கோ ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்:

"யாரும் அழிக்கலை முத்துராக்கு, நீ வாசலுக்குப் போனா ஆச்சி கூப்புடுவாக, கம்ப்யூட்டரு கூப்புடாது."

வேலை இல்லை என்று ஒரு கையெழுத்து

மறுபடி எல்லாவற்றையும் தட்டி, இந்தத் தடவை எழுந்திருக்காமல் சமர்ப்பித்தேன். அடுத்து, கடைசி வேலையை விட்டதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அதாவது, தெரு முழுக்கக் கேட்கச் சண்டை போட்டுவிட்டு வந்த அதே முதலாளியிடம் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு தடவை அவர் கடை வழியாக நடந்து, உள்ளே போகாமல், கொப்புடையம்மன் கோயில் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை அவரே பார்த்துவிட்டார். "என்னம்மா, நோட்டம் பாக்குறியா?" என்றார்.

தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். கையெழுத்துப் போடவில்லை. கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் சாப்பாட்டுப் பொட்டலத்தை முதுகில் கட்டிக்கொண்டு பைக்கில் சுற்றுகிறார்கள் என்றார். தேவகோட்டைப் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள், தேக்கு மட்டுமே லாரிக்கணக்கில் வரும், பழைய சம்பளத்துக்கு மேலே போட்டுத் தருகிறேன் வா என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நாக்கில் ஊறியது. தெரிந்த வேலை. அதில் பயம் கிடையாது. அந்த வீட்டைப் பிரித்து முடித்த பிறகு என்ன என்று கேட்டேன். "அதை அப்பப் பாப்பம்" என்றார். அது எனக்குப் பழக்கமான பதில். போன தடவையும் அதைத்தான் சொன்னார். பேனாவை எடுத்து அவர் கையில் திணித்தேன். மனுஷன் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். கடைசியில் கையெழுத்தைப் போட்டுவிட்டார். போடும்போது தன்னை மறந்து, அவ்வளவு பெரிய வியாபாரி, வாயை விட்டுவிட்டார்:

"போட்டுட்டா நீ திரும்பி வரமாட்ட, அதாம்மா யோசிக்கிறேன்."

குறைத்துத் தருகிறேன் என்றவன்

விண்ணப்பம் போட்டவர்களுக்குப் போன் அடித்தால் உயிர் போய் உயிர் வரும். ஒரு நாள் வயல் வரப்பில் நிற்கும்போது அடித்தது. "மேடம், ஒங்க அப்ளிகேஷன் செலக்ட் ஆயிருச்சு. பதிவுக் கட்டணம் மட்டும் இப்பவே அனுப்பணும். லிங்க் அனுப்புறேன், வர்ற ஓடிபியைச் சொல்லுங்க" என்றான் ஒருத்தன். என் பெயர் தெரிகிறது, ஊர் தெரிகிறது, என்ன வகுப்பு என்பதும் தெரிகிறது. இலவசம் என்றுதானே சொன்னார்கள் என்றால், வகுப்புதான் இலவசம், பதிவு இலவசம் இல்லை என்கிறான். ஏமாற்றுக்காரனாக இருந்து கொடுத்தால் கையில் இருப்பது போகும். உண்மையான ஆளாக இருந்து கொடுக்காவிட்டால் இடம் போகும், வயது போகும், திருப்பூர் பஸ் வந்து நிற்கும். யாரைக் கேட்பது? வரப்பில் மாடுதான் நின்றது.

என்ன செய்வதென்று தெரியாதபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "அம்புட்டுக் கட்ட முடியாது. கொறச்சுக்கங்க" என்றேன். அந்தப் பக்கம் யாரிடமோ கேட்பது போல ஏதோ முணுமுணுத்தான். அப்புறம், "சரி மேடம், ஒங்களுக்காக மேலிடத்துல பேசிக்கிறேன், பாதி கட்டுங்க" என்றான். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சர்க்கார் ஆபீஸ் எதுவும் இந்த நாட்டில் பாதிக்கு இறங்கி நான் பார்த்ததில்லை. கொஞ்சம் முன்னால் என்னைப் பயமுறுத்தினானே என்ற ஆத்திரத்தில், அதிலும் பாதி கேட்டேன், அதிலும் பாதி கேட்டேன். அவனும் இறங்கிக்கொண்டே வந்தான். கடைசியில் ஓடிபிக்குப் பதிலாக, எங்கள் ஊரில் வைக்கோல் போரைக் கலைத்த மாட்டைத் திட்டுகிற பாஷையில் கொஞ்சம் கொடுத்தேன். அவன் வைப்பதற்கு முன் சலித்துப்போய்ச் சொன்னது இதுதான்:

"காலையில இருந்து பேசுனதுல ஒங்ககிட்டதான் மேடம் எனக்குத் தொண்டை வறண்டு போச்சு."

இறங்காத கடைக்காரன்

நுழைவுத் தேர்வு உண்டு என்று குறுஞ்செய்தி வந்தது. புரோகிராம் என்றால் என்ன என்றாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவள் பர்வீன். அவளும் என்னைப் போல விண்ணப்பம் போட்டவள்தான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்து, கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, எல்லாம் மறந்துபோச்சு என்று சொல்லிக்கொண்டு பழனி அண்ணன் கடைக்கு வருவாள். மறந்துபோனவளுக்கே என்னைவிட ஆயிரம் தெரியும்.

"கம்ப்யூட்டருக்கு நம்ம என்ன செய்யணும்னு வரிசையாச் சொல்லணும்க்கா, அம்புட்டுதான். ஒங்களுக்குத் தெரிஞ்ச வேலையையே எழுதுங்க" என்றாள். எனக்குத் தெரிந்தது பேரம். கடைக்காரன் சொல்கிற விலை என் விலைக்கு மேலே இருக்கிற வரைக்கும், திரும்பத் திரும்பக் கேள். அவள் சொல்லிக்கொடுத்தபடி நாலு வரி தட்டினேன். ஓட விட்டோம். திரையில் 'குறைச்சுக் கொடு', 'குறைச்சுக் கொடு', 'குறைச்சுக் கொடு' என்று அருவி மாதிரி கொட்ட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. பட்டனை அழுத்தினேன், நிற்கவில்லை. மெஷினுக்குள் காற்றாடி சத்தம் கூடிக்கொண்டே போனது. வெடித்துவிடும் என்று நினைத்து நாற்காலியை விட்டுக் குதித்து, பர்வீனையும் இழுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிட்டேன். மெஷின் விலை என்ன, அதை எத்தனை வருஷம் கட்டுவது என்று மனசு கணக்குப் போட்டது.

பர்வீன் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. பழனி அண்ணன் வந்து இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினார், நின்றது. நான் எழுதிய நாலு வரியையும் பார்த்தார். "மெஷின் மேல குத்தம் இல்ல" என்று ஆரம்பித்து, நான் இன்றைக்கும் மறக்காத ஒரு பாடத்தைச் சொன்னார்:

"கடைக்காரன் கடைசி வரைக்கும் எறங்கவே மாட்டேன்னா என்ன செய்யணும்னு நீ சொல்லவே இல்லையே!"

கூட வந்தவர்கள் மரத்தடியில்

தேர்வு நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். போன இடத்தில் பார்த்தால் எல்லாம் பிள்ளைகள். மீசை இப்போதுதான் முளைக்கிறது. நான் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, தலைக்குப் பூவும் வைத்துக்கொண்டு போயிருந்தேன். கேட்டில் நின்ற காவலாளி கையை நீட்டி மறித்து, "கூட வந்தவுக எல்லாம் வேப்பமரத்தடியில இருங்கம்மா, பிள்ளைக பரீட்சை முடிச்சு வரட்டும்" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ, அப்படி ஒரு கோபம். "யாரு பிள்ளைக? நான் பெத்த பிள்ளையக் காட்டுய்யா பாப்போம்! பரீட்சை எழுத வந்தவளப் பாத்து மரத்தடின்ற!" என்று நுழைவுச் சீட்டை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினேன். மொத்தக் கூட்டமும் வழி விட்டது. வீராப்பாக உள்ளே நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தாளை வாங்கியதும் என் கை ஆடியது. பேனா பெஞ்சில் தாளம் போட்டது. முதல் கேள்வி மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தால் அதே காவலாளி, ஒரு சொம்புத் தண்ணீரோடு நிற்கிறார். மேற்பார்வைக்கு நின்ற டீச்சரிடம் அனுமதி கேட்டு அதை உள்ளே நீட்டினார். நான் குடிக்கிற வரை நின்றவர், சொம்பை வாங்கும்போது கேட்டார்:

"வாசல்ல அம்புட்டுச் சத்தம் போட்டீக, இந்தக் காகிதத்துக்குப் போயா இப்படி நடுங்குறீக?"

கற்பக விநாயகரிடமும்

தேர்வில் தேறியவர்கள் பட்டியலில் பர்வீன் பெயர் நடுவில் இருந்தது. என் பெயர் அடியில், விழுந்துவிடுவது போல ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்தது நேர்காணல். இருக்கிற இடத்தைவிடக் கூப்பிட்டிருக்கிற ஆட்கள் அதிகம். அம்மா பிள்ளையார்பட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் நெருக்கியது. சன்னதிக்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் நிற்க விட்டார்கள். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, "என்னடி கேட்ட?" என்றாள். மழை பெய்யணும்னு கேட்டேன், உன் முழங்கால் வலி போகணும்னு கேட்டேன், பெரியம்மா மகளுக்கு நல்லது நடக்கணும்னு கேட்டேன் என்றேன். "கம்ப்யூட்டரு?" என்றாள். அதைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. கேட்டு இல்லை என்றாகிவிட்டால் என்ன செய்வது? கேட்காத வரைக்கும் அது என் கையை விட்டுப் போகவில்லை அல்லவா? அம்மா நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்:

"அடி பாவி, சாமிகிட்டயுமா சரக்கப் பாக்காத மாதிரி நிப்ப?"

கதவு வரை போனேன்

நேர்காணல் அறையில் இரண்டு பேர். வயதான ஒரு சார், அவர் பக்கத்தில் ஒரு மேடம். மேடம்தான் எழுதுகிறவர். எனக்கு முன்னால் உள்ளே போன பர்வீன், வெளியே வந்ததும், "பயப்படாதீகக்கா, மனசுல உள்ளதச் சொல்லுங்க, அம்புட்டுதான்" என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். மனசில் உள்ளதைச் சொல்லுவதாம். மனசில் உள்ளதைச் சொல்லாமல் இருந்ததற்குத்தான் எனக்கு இத்தனை வருஷமும் சம்பளம் கொடுத்தார்கள்.

"இந்த வகுப்பில் ஏன் சேர நினைக்கிறீங்க?" என்றார் மேடம். எனக்கு மனசு கிடந்து தவிக்கிறது. வாய் மட்டும் தொழிலைப் பார்த்தது. "சும்மாதான் போட்டேன். பாத்தா நல்லாருந்துச்சு. கெடைச்சாப் படிக்கலாம்" என்றேன். "கிடைக்கலைன்னா?" "கெடைக்கலைன்னா என்ன, வேற எம்புட்டோ இருக்கு." மேடம் எழுதுவதை நிறுத்தினார். "அப்படின்னா ரொம்ப ஆசையா காத்துக்கிட்டிருக்கிறவங்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்தா உங்களுக்கு வருத்தம் இல்லையே?" என்று தன்மையாகக் கேட்டார். "குடுங்க, எனக்கென்ன" என்று நான் சொன்னதை என் காதே கேட்டது. நன்றி சொல்லிக் கும்பிட்டு எழுந்து கதவை நோக்கி நடந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன். கூப்பிடுவார்கள் என்று முதுகு முழுக்கக் காதாக வைத்து நடந்தேன். கதவுப் பிடியில் கையும் வைத்தாயிற்று. பின்னால் தாள் புரளுகிற சத்தம்தான் கேட்டது. அடுத்த ஆளின் பெயரை எடுக்கிறார்கள்.

அந்த இடத்தில் பழனி அண்ணன் கடையில் வெறுமையாக நின்ற முதல் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மில் விடுதியின் கேட்டும் வந்தது. பிடியை விட்டுவிட்டு, திரும்பி, மேஜை வரைக்கும் வந்து, கத்தினேன். கத்தத்தான் தெரியும் எனக்கு. "எனக்கு வேணும்! இந்தப் படிப்பு எனக்கு வேணும்! வேற எதுவும் இல்ல எங்கிட்ட. அடுத்த வருசம் கேக்க எனக்கு வயசும் இல்ல. இல்லைன்னு சொல்லப்போறீகன்னு பயந்துதான் வேணாம்ன்ற மாதிரி பேசுனேன். ஆசை இருக்குறவளுக்குக் குடுக்குறதா இருந்தா, வெளிய ஒக்காந்திருக்குற எவளுக்கும் என்னைய விட இல்ல!" மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு நின்றேன். மேடம் சாரைப் பார்த்தார். சார் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இதை உட்கார்ந்துக்கிட்டே சொல்லியிருக்கலாமேம்மா."

குறைக்காத குரல்

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா திருப்பூர்ப் பேச்சை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. மேலே அட்டத்தில் கிடந்த பெரிய பையை மட்டும் இறக்கித் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அது காய்வதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பை நன்றாகக் காய்ந்த பிறகுதான் போன் அடித்தது. தெரியாத எண். "முத்துராக்குங்களா? உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை காலையில பத்து மணிக்கு அசல் சான்றிதழோட வாங்க" என்றது ஒரு பெண் குரல். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் முந்திக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவனும் இப்படித்தானே ஆரம்பித்தான்? செலக்ட் ஆயிருச்சு மேடம் என்றுதானே சொன்னான்? குரலை வைத்து எப்படி நம்புவது? எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்றுதான். பேரம் பேசினேன்: "மேடம், ஒக்கூர்ல இருந்து வரணும். ஒரு பன்னெண்டு மணிக்கு வரலாமா?" முடியாது என்றார். "பதினொண்ணு?" முடியாது. "சான்றிதழ்ல ஒண்ணு மட்டும் செவ்வாக்கெழமை கொண்டாரேனே?" என்றேன். அந்தப் பக்கம் எரிச்சல் ஏறுவது தெரிந்தது. அது ஏற ஏற எனக்கு உயிர் வந்தது. இம்மி இறங்கவில்லை அந்த அம்மா. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இத்தனை வயதில் யாரும் என்னிடம் இவ்வளவு இனிமையாகப் பேசியதில்லை:

"பத்து மணின்னா பத்து மணிதான்மா, வேணும்னா வாங்க, இல்லைன்னா அடுத்த பேரைக் கூப்பிடுறோம்."

"வேணும், வேணும், வேணும்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, பர்வீனுக்கும் கிடைத்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனை வைத்தேன். ஆக, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே ஒன்றை வாங்கியிருக்கிறேன், உள்ளே கரையான் இருக்கிறதா என்பது படித்து முடிக்கும்போதுதான் தெரியும் என்பதால் பயத்தை மட்டும் இன்னும் கையோடு வைத்திருக்கிறேன்.